களத்துக்குள் நின்ற பயிற்சியாளர்: பில் ரசல்



இன்று ஒரே ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வில்லியம் ஃபெல்டன் ரசல். உலகம் அறிந்த பெயர் பில் ரசல். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவங்கள் ஆடி, 11 முறை பட்டம் வென்ற அணியில் இருந்தவர். கடைசி இரண்டு பட்டங்களின்போது அணியின் சென்டரும் அவர்தான், பயிற்சியாளரும் அவர்தான். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 11 என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவர் எதைச் செய்து அத்தனை முறை வென்றார், அதே மனிதர் பிற்பாடு வேறு ஊர்களில் பயிற்சியாளராக இருந்தபோது ஏன் வெல்லவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடைதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த கணம் என்ன நடக்கப்போகிறது என்பதை எதிராளிக்கு முன்னால் பார்த்துவிடுவதுதான் அவருடைய திறமை. அந்தத் திறமை களத்துக்குள் நின்றால்தான் வேலை செய்யும்.

1934 பிப்ரவரி 12 அன்று லூசியானா மாநிலத்தின் வெஸ்ட் மன்றோ என்ற ஊரில் பிறந்தார். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தென்மாநிலம் அது. அவருக்கு எட்டு வயதாகும்போது குடும்பம் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் தாய் கேட்டி இறந்துபோனார். லாரித் தொழில் செய்துவந்த தந்தை சார்லஸ், பிள்ளைகளை விட்டு விலகி இருக்கக் கூடாது என்று அதைக் கைவிட்டு, உள்ளூரில் இரும்பு வார்ப்பாலை வேலைக்குப் போனார்.

தாயை இழந்த அந்தப் பையன் ஓக்லண்ட் பொது நூலகத்தில் நேரம் கழித்தான். மைக்கலாஞ்சலோ, லியனார்டோ டாவின்சி ஓவியங்களின் அச்சுப்படிகளை மணிக்கணக்கில் பார்ப்பான். பிறகு வீட்டுக்கு வந்து, பார்த்ததை நினைவிலிருந்து வரைய முயல்வான். கை ஒத்துழைக்கவில்லை, ஓவியம் வரவில்லை. பார்க்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

மெக்லைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அவர் தேறாத ஆட்டக்காரர். இளையோர் அணியில் இடம் கிடைத்ததே பெரிய காரியம். பதினாறு பையன்களுக்குப் பதினைந்து சீருடைதான் இருந்தது. கடைசிச் சீருடையை ரசலும் இன்னொரு பையனும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள். அவரைக் கழித்துவிடாமல் வைத்துக்கொண்டவர் ஜார்ஜ் பவல்ஸ் என்ற வெள்ளைக்காரப் பயிற்சியாளர். இங்கிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். தேர்வு நாளில் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது எவ்வளவு சுலபம் என்பது உங்களுக்குத் தெரியும்.

1952இல் பள்ளி முடிந்ததும் கலிஃபோர்னியாப் பள்ளி ஆட்டக்காரர்கள் குழு ஒன்றோடு பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடினார். அந்தப் பயணத்தில்தான் மாற்றம் நேர்ந்தது. பெஞ்சில் இருக்கும்போது, சக ஆட்டக்காரர் ஒருவர் ரீபவுண்டுக்கு எழும்புவதைக் கூர்ந்து பார்ப்பார். கண்ணை மூடி, அந்த அசைவை முதலிலிருந்து கடைசிவரை மனத்துக்குள் ஓட்டுவார். அடுத்து அந்த ஆளை எடுத்துவிட்டுத் தன்னை அங்கே நிறுத்துவார். களத்தில் இறங்கியதும் உடம்பு அதை அப்படியே செய்தது. ஓவியத்தில் பலிக்காதது இங்கே பலித்தது. பிறகு இன்னொரு படி ஏறினார். வேகமாகப் பந்தைக் கொண்டுபோகும் ஒருவரின் அசைவை மனத்தில் ஓட்டி, அவருக்கு எதிரே தான் நின்று தடுப்பதாகப் பார்த்தார். அவர் எந்தக் காலை எடுத்து வைத்தால் தான் எந்தக் காலை வைக்க வேண்டும் என்பது வரை. ரசலின் தடுப்பாட்டம் அந்தப் பேருந்தில் பிறந்தது என்றே சொல்லலாம்.

அவருக்கு உதவித்தொகையோடு இடம் கொடுக்க முன்வந்த ஒரே கல்லூரி சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். ஏசு சபையார் நடத்திய சின்னக் கல்வி நிலையம். சொந்தமாக ஒரு உள்ளரங்கம் கிடையாது. பக்கத்துப் பள்ளியின் அரங்கத்தில்தான் பயிற்சி. பயிற்சியாளர் ஃபில் வூல்பர்ட். அறைத் தோழர் கே.சி. ஜோன்ஸ். இந்த அறைத் தோழரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூடைப்பந்து உயரம் சார்ந்தது, மேலே எழும்புகிறவனுடையது என்று ரசல் நினைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் பெரும்பகுதி தரையில் நடக்கிறது, பக்கவாட்டில் நடக்கிறது என்று கே.சி. அவருக்குக் காட்டினார். எதிராளியை எந்தக் கோணத்தில் நெருக்கினால் அவன் எங்கே போக நேரிடும், அங்கே யார் காத்திருக்க வேண்டும் என்று இருவரும் இரவெல்லாம் பேசினார்கள். தனக்குக் கற்றுக்கொடுத்தவர் கே.சி.தான் என்று ரசல் பின்னாளில் மனமாரச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களின் பாடம் ஒன்றுதான்: தடுக்கிறவன் தரையிலிருந்து காலை எடுக்கக் கூடாது. ரசல் எடுத்தார். உயரம் தாண்டுதலில் 1956இல் 2.06 மீட்டர் தாண்டியவர் அவர். பந்து எறிகிறவனின் கையை விட்டு வந்த பிறகு எழும்பி, அதைத் தட்டிப் பறித்தார். அவர் இடக்கைக்காரர் என்பது இதில் முக்கியம். வலக்கையால் எறிகிறவனுக்கு எதிரே நின்றால் அவருடைய இடக்கை நேராகப் பந்துக்கு எதிரே வந்துவிடும். உடம்பைக் குறுக்கே திருப்ப வேண்டிய தேவையில்லை. தட்டிய பந்தைப் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பவும் மாட்டார். மென்மையாகத் தட்டி, தன் அணிக்காரர் கைக்குப் போகச் செய்வார். வெளியே போனால் பந்து எதிரணிக்கே திரும்பிவிடும் அல்லவா. எல்லாப் பந்தையும் தடுக்க முயலவும் மாட்டார். சிலவற்றைத் தடுப்பார். எதைத் தடுப்பார் என்பது எறிகிறவனுக்குத் தெரியக் கூடாது. அந்தச் சந்தேகத்திலேயே பாதி எறிகள் தவறிப்போகும்.

1954 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ அணி ஜான் வூடன் பயிற்றுவித்த யு.சி.எல்.ஏ.விடம் 47-40 என்று தோற்றது. அதன் பிறகு ரசல் கல்லூரியில் ஆடிய கடைசி ஆட்டம்வரை தொடர்ந்து 55 வெற்றிகள். 1955, 1956 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. பட்டம். 1955 இறுதியாட்டத்தில் லாசால் அணிக்கு எதிராக ரசல் 23 புள்ளி, 25 ரீபவுண்ட். அடுத்த ஆண்டு ஐயோவாவுக்கு எதிராக 26 புள்ளி, 27 ரீபவுண்ட். வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக விரித்தார்கள். உயரமானவர் வளையத்தடியில் நின்று ஆள்வதைத் தடுக்க வந்த அந்த விதிக்கு ஊரார் வைத்த பெயரே ரசல் விதி.

வூல்பர்ட்டின் தொடக்க ஐவரில் மூவர் கறுப்பினத்தவர்: ரசல், கே.சி. ஜோன்ஸ், ஹல் பெரி. அன்றைய அமெரிக்காவில் பெரிய கல்லூரிகள் செய்யத் துணியாத காரியம் அது. 1954 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டியில் ஒரு போட்டி. அங்குள்ள விடுதிகள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அறை தர மறுத்தன. வெள்ளையர் மட்டும் விடுதிக்குப் போகலாம் என்ற நிலை. அணி முழுதும் சேர்ந்து, விடுமுறைக்கு மூடியிருந்த ஒரு கல்லூரி விடுதியில் போய்த் தங்கியது. அந்தப் போட்டியையும் வென்று திரும்பியது.

1956 வரைவுத் தேர்வில் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸிடம் இருந்த இரண்டாவது இடத்தைப் பெற, செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன் என்ற இரு நல்ல ஆட்டக்காரர்களைக் கொடுத்தார். மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சோவியத் அணியை 89-55 என்று வென்று தங்கம் வாங்கிய பிறகு, டிசம்பர் கடைசியில்தான் ரசல் பாஸ்டன் வந்து சேர்ந்தார். 1957 ஏப்ரலில், தன் முதல் பருவத்திலேயே, ஹாக்ஸுக்கு எதிரான ஏழாவது இறுதியாட்டத்தில் அவர் செய்த ஒன்றை நீங்கள் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வழக்கமான நேரத்தின் கடைசி நிமிடம். ஹாக்ஸின் ஜாக் கோல்மன் நடுக்கோட்டருகே பந்தை வாங்கி, தடுக்க ஆளில்லாமல் தனியாக வளையத்தை நோக்கி ஓடுகிறார். ரசல் அப்போது களத்தின் மறுகோடியில், எல்லைக் கோட்டருகே இருக்கிறார். அங்கிருந்து ஓடத் தொடங்கி, முழுக் களத்தையும் கடந்து, கோல்மன் பந்தை விடும் நேரத்துக்கு வந்து சேர்ந்து தட்டிவிட்டார். ஆட்டம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் போய் 125-123 என்று செல்டிக்ஸ் வென்றது. அன்று 37 புள்ளி எடுத்தவர் டாம் ஹைன்சன்; செல்டிக்ஸ் புள்ளிப் பட்டியலில் முதலிடம் அவருக்கே. கோல்மனைத் தடுத்ததற்குப் பட்டியலில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. என்.பி.ஏ. தடுப்புகளை எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். ரசல் ஓய்வு பெற்றது 1969இல். அவர் வாழ்நாளில் மிகச் சிறப்பாகச் செய்த காரியம் எத்தனை முறை நடந்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை.

சக ஆட்டக்காரர்கள் அதை அறிந்திருந்தார்கள். 1961-62 பருவத்தில் எதிரணிச் சென்டர் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி என்ற சராசரியை எட்டினார். ஓர் ஆட்டத்தில் நூறு புள்ளியும் எடுத்தார். அந்த ஆண்டின் மிக மதிப்பு வாய்ந்த ஆட்டக்காரர் விருதுக்கு அப்போது வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. அவர்கள் தேர்ந்தெடுத்தது ரசலை.

பாஸ்டன் நகரம் அவரை எப்படி நடத்தியது என்பதை விரித்துச் சொல்ல மனம் வரவில்லை, சொல்லாமல் விடவும் முடியாது. பட்டத்துக்கு மேல் பட்டம் கொண்டுவந்த மனிதரின் வீட்டை உடைத்து நுழைந்து, சுவரில் இன வசை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் விடுதிச் சிற்றுண்டிச் சாலை கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு உணவு தர மறுத்தபோது, ரசலும் மற்றவர்களும் ஆட மறுத்து அடுத்த விமானத்தில் திரும்பினார்கள். 1972இல் அவருடைய 6ஆம் எண் சீருடையை உயர்த்தும் சடங்கைப் பார்வையாளர்களை உள்ளே விடுவதற்கு முன்பே நடத்தச் சொன்னார். 1975இல் கூடைப்பந்துப் புகழரங்கத்தில் சேர்த்தபோது விழாவுக்குப் போகவில்லை. தனக்கு முன் வந்த கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்காத மரியாதை தனக்கு வேண்டாம் என்றார். 1950இல் என்.பி.ஏ. அணியொன்று தேர்ந்தெடுத்த முதல் கறுப்பினத்தவரான சக் கூப்பருக்கு 2019இல் அந்த அரங்கத்தில் இடம் கிடைத்த பிறகே தன் புகழரங்க மோதிரத்தை வாங்கிக்கொண்டார். நாற்பத்து நான்கு ஆண்டுகள். கோபம் இத்தனை காலம் தாங்காது. கொள்கை இருந்தால்தான் தாங்கும்.

1966இல் அவர்பாக் ஓய்வு பெற முடிவு செய்தார். பாப் கூசி, ஃபிராங்க் ராம்சி, ஹைன்சன் என்று அணியின் முன்னாள் ஆட்டக்காரர் மூவரிடம் பேசினார், யாரும் ஏற்கவில்லை. ரசலையே கேளுங்கள் என்று சொன்னவர் ஹைன்சன். லேக்கர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் தோற்ற கையோடு, அடுத்த பயிற்சியாளர் ரசல் என்று அவர்பாக் அறிவித்தார். என்.பி.ஏ. வரலாற்றில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். செய்தியாளர் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, வெள்ளையர்களைப் பாகுபாடு இல்லாமல் நடத்துவீர்களா என்பது. அதுவரை என்.பி.ஏ.வில் இருந்த வெள்ளைப் பயிற்சியாளர் யாரிடமாவது இதைத் திருப்பிக் கேட்டிருப்பார்களா? ஆட்டத்தில் ஒருவனை அவன் திறமைக்காக மதிக்கிறோம், அவ்வளவுதான் என்ற பொருளில் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டு ரசல் வேலையைத் தொடங்கினார்.

துணைப் பயிற்சியாளர் யாரும் கிடையாது. ஆட்டத்துக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் தானே ஆடிக்கொண்டு, மாற்று ஆட்டக்காரரை எப்போது இறக்குவது, நேர இடைவெளி எப்போது கேட்பது என்றும் பார்க்க வேண்டும். முதல் பருவம் 60 வெற்றி, 21 தோல்வி. ஆனால் சேம்பர்லினின் ஃபிலடெல்ஃபியா அணி அரையிறுதியில் 4-1 என்று வீழ்த்தி, எட்டு ஆண்டுத் தொடர் பட்டங்களை முடித்துவைத்தது. (அந்த அணியின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம். ரசல் ஆடிய 13 பருவங்களில் பட்டம் நழுவிய மற்றோர் ஆண்டான 1958இலும் எதிரணிப் பயிற்சியாளர் அவரேதான். ரசல் ஆடிய செல்டிக்ஸிடமிருந்து பட்டத்தைப் பறித்த ஒரே பயிற்சியாளர் அவர். அவருக்கும் ஒரு சொற்பொழிவு வேண்டும்.) 1968இல் அதே ஃபிலடெல்ஃபியாவிடம் 3-1 என்று பின்தங்கியிருந்து மீண்டு வென்றார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள் தொடங்கிய தொடர் அது.

இனி 1969. அணிக்கு வயதாகிவிட்டது. 48 வெற்றி, 34 தோல்வி, கிழக்குப் பிரிவில் நான்காம் இடம். தட்டுத்தடுமாறி இறுதித் தொடருக்கு வந்தார்கள். எதிரே ஜெரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர், கூடவே இப்போது சேம்பர்லினும் சேர்ந்த லேக்கர்ஸ். நான்காவது ஆட்டம். சில நொடிகளே மீதி, செல்டிக்ஸ் ஒரு புள்ளி பின்தங்கல், பந்து அவர்கள் கையில். நேர இடைவெளியில் பயிற்சியாளர் ரசல் எடுத்த முடிவைப் பாருங்கள். எறியத் தெரிந்தவர்கள் களத்தில் வேண்டும் என்று ஆட்டக்காரர் ரசலை வெளியே எடுத்துவிட்டார். மூவர் சேர்ந்து திரையாக நிற்க, சாம் ஜோன்ஸ் அவர்களுக்குப் பின்னால் வந்து, கால் இடறியபடியே எறிந்தார். வளையத்தில் பட்டுத் துள்ளி உள்ளே விழுந்தது, 89-88. உலகின் தலைசிறந்த சென்டர் பெஞ்சிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். களத்தில் தானே தேவைப்படாத கணம் எது என்று தெரிந்த ஆட்டக்காரர்கள் எத்தனை பேர்?

ஏழாவது ஆட்டம் மே 5, லாஸ் ஏஞ்சலஸில். வெற்றி உறுதி என்று நம்பி, லேக்கர்ஸ் தரப்பினர் ஆயிரக்கணக்கான பலூன்களை அரங்கக் கூரையில் வலைக்குள் கட்டி வைத்திருந்தார்கள். வென்றதும் பலூன்கள் விழும், பல்கலைக்கழக வாத்தியக் குழு இசைக்கும் என்று நிகழ்ச்சி நிரலே அச்சிட்டுவிட்டார்கள். அதில் ஒரு தாள் செல்டிக்ஸ் கைக்குக் கிடைத்தது. உடைமாற்றும் அறையில் அதைப் படித்துக் காட்டினார்கள். அதற்கு மேல் பயிற்சியாளர் பேச வேண்டியது ஒன்றும் இல்லை. கடைசிக் கால் பகுதியில் ஒரு கட்டத்தில் செல்டிக்ஸுக்கு 17 புள்ளி முன்னிலை. அது கரைந்து ஒரு புள்ளிக்கு வந்தது. சேம்பர்லின் முழங்காலில் அடிபட்டு வெளியேறி, திரும்ப வரத் தயார் என்றபோது அவருடைய பயிற்சியாளர் மறுத்துவிட்டார். கடைசி நிமிடங்களில் செல்டிக்ஸ் ஆட்டக்காரர் ஹாவ்லிசெக்கின் கையிலிருந்து தட்டிவிடப்பட்ட பந்து நேராக அவருடைய அணித் தோழர் டான் நெல்சனிடம் வந்தது. அவர் எறிந்த பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு உயரத் துள்ளி, திரும்ப நேராக உள்ளே விழுந்தது. 108-106. வெஸ்ட் 42 புள்ளி எடுத்தார். தோற்ற அணியிலிருந்து இறுதித் தொடர் நாயகன் விருது பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. ரசல் எடுத்தது 6 புள்ளி, 21 ரீபவுண்ட். அந்தக் கோடையில் ஓய்வை அறிவித்தார்.

1973இல் சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகவும் பொது மேலாளராகவும் போனார். நான்கு பருவங்கள். 1975இல் அந்த அணியை முதல்முறையாக நாக் அவுட் சுற்றுக்குக் கொண்டுபோனார். ஆனாலும் கணக்கு 162 வெற்றி, 166 தோல்வி. பாஸ்டனில் மூன்று பருவங்களில் அவர் பெற்ற வெற்றிகளும் 162தான், தோல்வி 83. அதே எண்ணிக்கை வெற்றி, இரு மடங்கு தோல்வி. 1987இல் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்குப் போனபோது 17 வெற்றி, 41 தோல்வியோடு பருவம் முடியும் முன்பே பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார்.

இதற்கு நல்ல ஆட்டக்காரர்கள் இல்லை, வீரர்களின் மனப்போக்கு மாறிவிட்டது என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பாஸ்டனில் ரசல் சொன்ன கட்டளை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ரசலின் கை இருந்தது. முன்னால் நிற்பவர் தன் ஆளைத் துணிந்து நெருக்கலாம், அவன் தப்பினால் பின்னால் ரசல் இருக்கிறார். அந்த நம்பிக்கைதான் அணியின் தடுப்பாட்டம். சியாட்டிலில் அவர் கோட் சூட்டோடு ஓரத்தில் உட்கார்ந்து அதே தடுப்பாட்டத்தைக் கேட்டார். வளையத்தடியில் வேறு யாரோ நின்றார்கள். கல்லூரியில் கே.சி.யோடு இரவெல்லாம் பேசிக் கண்டுபிடித்ததை, அப்படிப் பேசத் தெரியாத இளைஞர்களுக்குச் சொற்களால் கடத்த அவரால் இயலவில்லை. பயிற்சியாளர் பட்டயம் படிக்கும் மாணவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஆனால் அவர் அருகில் ஆடியவர்களைப் பாருங்கள். பில் ஷார்மன் 1972இல் லேக்கர்ஸுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். புள்ளி எடுப்பதைக் குறைத்து ரசலைப்போல் தடுப்பாட்டத்திலும் ரீபவுண்டிலும் கவனம் வை என்று சேம்பர்லினைச் சம்மதிக்க வைத்துத்தான் அதைச் சாதித்தார். ஹைன்சன் செல்டிக்ஸுக்கு 1974, 1976 பட்டங்களையும், கே.சி. ஜோன்ஸ் 1984, 1986 பட்டங்களையும் தந்தார்கள். டான் நெல்சன் பயிற்சியாளராக 1,335 ஆட்டங்கள் வென்று நெடுங்காலம் அந்தச் சாதனையை வைத்திருந்தார். இதில் அவர்பாக்கின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. இருந்தாலும் வளையத்தடியில் நின்று ஒவ்வோர் அசைவையும் கூவிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சென்டரோடு இரவுக்கிரவு ஆடியது இவர்களுக்குப் பாடமாக அமையவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

2021இல், இறப்பதற்கு ஓராண்டு முன்னால், ரசலைப் பயிற்சியாளர் என்ற முறையிலும் புகழரங்கத்தில் சேர்த்தார்கள். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அங்கே இடம் பெற்றவர்கள் அதற்கு முன் நால்வர்தான்: 1954இல் அவருடைய கல்லூரியைத் தோற்கடித்த ஜான் வூடன், உடன் ஆடிய ஷார்மன், அவர் பெயரை அவர்பாக்கிடம் சொன்ன ஹைன்சன், அவர் விட்டுப்போன சியாட்டில் அணிக்கு 1979இல் பட்டம் வாங்கித் தந்த லென்னி வில்கன்ஸ். அந்த 1979 இறுதித் தொடரின் நாயகன் டென்னிஸ் ஜான்சன். 1976இல், ரசல் பொது மேலாளராக இருந்தபோது, இரண்டாம் சுற்றில் சியாட்டில் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர் அவர். கார்ட் நிலை ஆட்டக்காரர், பெயர் பெற்றது தடுப்பாட்டத்துக்காக.